இரண்டு பரிமாண ஈர்ப்பில் குவாண்டம் திருத்தங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவாண்டம் திருத்தம் என்றால் என்ன? யார் செய்த தப்பை யார் திருத்துகிறார்கள்?

யாரும் தப்புச் செய்யவில்லை, பெயர்தான் அப்படி. ஒரு கணக்கை முதலில் பழைய இயற்பியலின்படி போடுகிறோம், அதாவது குவாண்டம் விளைவுகளின் அளவைச் சொல்லும் பிளாங்க் மாறிலி சுழி என்று வைத்துக்கொண்டு. அப்புறம் அது சுழி இல்லையே, மிகச் சிறிய எண்தானே என்று அதைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தால் விடை கொஞ்சம் நகரும். அந்த நகர்வுதான் குவாண்டம் திருத்தம்.

கடை பில்லில் ரூபாய்க்குப் பின்னால் வரும் சில்லறை என்று நினைத்துக்கொள்ளுங்கள். நியூட்டனின் ஈர்ப்புக்கே இந்தச் சில்லறையைக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இரண்டு பொருள்கள் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் அவற்றின் ஈர்ப்பு ஆற்றலில் வரும் குவாண்டம் திருத்தம் சுமார் 10⁻⁷⁰ பங்கு. யார் எண்ணப்போகிறார்கள்? ஆனால் பில் தொகையே இரண்டு ரூபாய் என்றால் ஐம்பது பைசா பெரிய விஷயம், பில் தொகை பூஜ்யம் என்றால் அந்தச் சில்லறை மட்டும்தான் பில். இரண்டு பரிமாண ஈர்ப்பில் இருப்பது கிட்டத்தட்ட இந்தக் கடைசி நிலைமை. அதனால்தான் இவ்வளவு பேர் அதன் பின்னால் போகிறார்கள்.

நாம் வாழ்வது நான்கு பரிமாணத்தில். இரண்டில் கணக்குப் போட்டு என்ன பயன்?

நான்கு என்பது மூன்று இடப் பரிமாணமும் ஒரு காலமும், இரண்டு என்பது ஓர் இடப் பரிமாணமும் ஒரு காலமும். நான்கில் முடியவில்லை என்பதுதான் நேர்மையான பதில். பொருள் எதுவும் இல்லாத வெறும் ஈர்ப்பை எடுத்துக்கொண்டு திருத்தங்களைச் சுற்றுச் சுற்றாக, பெரியதிலிருந்து சிறியதாக, கணக்கிட்டால் முதல் சுற்றில் தப்பித்துவிடலாம், இரண்டாம் சுற்றில் முடிவிலி வந்து நிற்கிறது, அதை விழுங்கக் கோட்பாட்டுக்குள் இடம் இல்லை. கோராஃபும் சாக்னோட்டியும் 1980-களின் நடுவில் இதைக் கணக்கிட்டே காட்டினார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். உருண்டையான ஒரு கருந்துளையில் திசைக்குத் திசை எதுவும் மாறாது, மையத்திலிருந்து எவ்வளவு தூரம், எந்த நேரம் என்ற இரண்டு விவரம் போதும். ஆக, நான்கு பரிமாணக் கருந்துளைக்குள்ளேயே ஒரு இரண்டு பரிமாணப் பிரச்சினை ஒளிந்திருக்கிறது. மின்னூட்டம் மிகுந்த, கிட்டத்தட்ட குளிர்ந்துபோன கருந்துளையில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். அதன் நிகழ்வெல்லைக்கு, அதாவது ஒளிகூடத் திரும்பமுடியாத எல்லைக்கு, அருகே நீண்ட கழுத்து போல ஒரு பகுதி உண்டு, அந்தக் கழுத்துக்குள் நடப்பதை இரண்டு பரிமாணச் சமன்பாடுகளே பெரும்பாலும் ஆள்கின்றன. எனவே பொம்மைக் கணக்கு என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

இரண்டு பரிமாணத்தில் ஈர்ப்பே இல்லை என்று படித்தேனே?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். நான்கு பரிமாணத்தில் ஒரு புள்ளியின் வளைவைச் சொல்ல 20 எண்கள் வேண்டும், மூன்றில் 6, இரண்டில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை வைத்து ஐன்ஸ்டைன் சமன்பாட்டின் இடது பக்கத்தை எழுதிப் பார்த்தால், வெளி எப்படி வளைந்திருந்தாலும் அது தானாகவே சுழி ஆகிவிடுகிறது. அப்படியானால் வலது பக்கத்தில் பொருளும் இருக்கக்கூடாது. ஈர்ப்பு இல்லை, பொருளும் இல்லை, கதை முடிந்தது.

வளைவை முழுப் பரப்பிலும் கூட்டினால் கிடைப்பது காஸ்-போனே தேற்றம் சொல்லும் ஒரு எண் மட்டும்தான்: பரப்பில் எத்தனை ஓட்டை என்பதைப் பொறுத்த எண். பந்துக்கு ஒன்று, உளுந்து வடைக்கு வேறொன்று. வடையை எப்படி நசுக்கினாலும் ஓட்டை ஓட்டைதான், எண் மாறாது. இதை மறக்காமல் வைத்திருங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

இந்த வெறுமையைத் தாண்ட டைலட்டான் என்ற ஒரு புலத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள். வலிந்து நுழைத்த மாதிரித் தோன்றும், ஆனால் நான்கு பரிமாணக் கருந்துளையிலிருந்து இறங்கி வந்தால் அதன் அர்த்தம் தெளிவு. அந்த இடத்தில் இருக்கும் கோளத்தின் பரப்பளவு எவ்வளவு என்பதைத்தான் டைலட்டான் நினைவில் வைத்திருக்கிறது.

பில் தொகை பூஜ்யம் என்றால் சில்லறை எங்கிருந்து வந்தது?

பொருளிலிருந்து. ஒளி மாதிரி நிறையில்லாத ஒரு புலத்தை இரண்டு பரிமாணத்தில் ஓடவிட்டால், பழைய இயற்பியலில் அதற்கு வெளியின் அளவுகோல் தெரியாது. ஸ்கேலைப் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் அதற்கு ஒன்றுதான். குவாண்டம் கணக்கில் இந்த அலட்சியம் உடைகிறது, புலம் வளைவை உணர ஆரம்பிக்கிறது. இதை அனாமலி என்பார்கள். 1981-இல் அலெக்சாண்டர் பாலியகோவ் இந்த உடைப்பை முழுசாகக் கூட்டி ஒரே கோவையாக எழுதிவிட்டார். நான்கு பரிமாணத்தில் தோராயம் தோராயமாக நகர வேண்டிய இடம், இங்கே கச்சிதமாக ஒரு வரியில் முடிகிறது.

துகள்களை அதிரும் சரங்களாகப் பார்க்கும் சரக் கோட்பாட்டின் பிரபலமான 26 பரிமாணமும் இங்கிருந்துதான் வருகிறது. ஆயக்குறிகளை இஷ்டப்படி வைக்கும் சுதந்திரத்தைக் கையாள்வதால் வரும் கணக்கு மைனஸ் 26, அதை ஈடுகட்டப் பரிமாணத்துக்கு ஒன்றாக 26 புலங்கள் வேண்டும்.

இதற்கும் கருந்துளைக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். 1977-இல் கிறிஸ்டென்சனும் ஃபுல்லிங்கும் கவனித்தது இது: இரண்டு பரிமாணத்தில் அனாமலியையும் ஆற்றல் காப்பு விதியையும் வைத்துக்கொண்டாலே, கருந்துளை கதிர்வீசியாக வேண்டும் என்ற ஹாக்கிங்கின் விடை வந்துவிடுகிறது.

1992-இல் கேலன், கிடிங்ஸ், ஹார்வி, ஸ்ட்ரோமிங்கர் நால்வரும் அடுத்த அடி எடுத்துவைத்தார்கள். கதிர் வெளியே போகிறது சரி, அந்தக் கதிரின் ஆற்றல் திரும்ப வெளியை எப்படி வளைக்கிறது, கருந்துளை எப்படிச் சுருங்குகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிடலாம் என்றார்கள். அவர்கள் மாதிரியில் ஒரு விசித்திரம் உண்டு. கருந்துளையின் வெப்பநிலை அதன் நிறையைப் பொறுத்தது இல்லை, பெரியதோ சிறியதோ ஒரே சூடு. தந்திரம் என்னவென்றால், ஒரு பொருள் புலத்துக்குப் பதில் பல புலங்களை வைத்துக்கொள்வது. அவற்றின் கூட்டுத் திருத்தம் பெரிதாகிவிடும், ஈர்ப்பின் சொந்தத் திருத்தத்தை அதன் பக்கத்தில் கண்டுகொள்ளாமல் விடலாம்.

குவாண்டம் திருத்தம் வந்து கருந்துளைக்குள் இருக்கும் ஒருமைப் புள்ளியை, அதாவது வளைவு எல்லை மீறும் இடத்தை, இல்லாமல் ஆக்கிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். நடக்கவில்லை. டைலட்டான் ஒரு குறிப்பிட்ட மதிப்பை எட்டும்போது சமன்பாடே தடுமாறி, திருத்தப்பட்ட கோட்பாட்டிலும் ஒருமைப் புள்ளி பிறந்துவிட்டது என்று அதே ஆண்டில் வேறு குழுக்கள் காட்டினார்கள்.

ருஸ்ஸோ, சஸ்கிண்ட், தோர்லாசியஸ் மாதிரி என்று ஒன்றைச் சொல்கிறார்களே, அது ஏமாற்று வேலையா?

கொஞ்சம் அப்படித்தான் தோன்றும். மேலே சொன்ன சமன்பாடுகளைக் கையால் தீர்க்க முடியாது, கணினிதான் வேண்டும். இந்த மூவரும் 1992-இல் இன்னொரு சின்னத் திருத்தத்தைத் தாங்களாகச் சேர்த்தார்கள். அதே அளவில் இருக்கும், எழுதத் தடை இல்லாத ஓர் உறுப்பு. சேர்த்ததும் பழைய சமச்சீர்மை ஒன்று திரும்பிவந்து, எல்லாம் பேனாவிலேயே தீர்ந்துவிடுகிறது. இயற்கை அந்த உறுப்பைத்தான் தேர்ந்தெடுக்கும் என்று யாரும் சொல்லவில்லை. திருத்தங்களை எழுதும்போது இப்படி ஒரு சுதந்திரம் இருக்கிறது, அதைச் சௌகரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்த மாதிரியில் கருந்துளை முழுவதும் ஆவியாகி, கடைசியில் ஒரு சின்ன எதிர்ம ஆற்றல் வெடிப்போடு மறைகிறது. உள்ளே போன தகவல் திரும்பவில்லை.

ஜாக்கீவ்-டைட்டல்பாய்ம் ஈர்ப்பு என்பது வேறா?

வேறு, இன்னும் எளியது. அமெரிக்காவின் ரோமன் ஜாக்கீவும் சிலியின் கிளாடியோ டைட்டல்பாய்மும் 1980-களின் முதல் பாதியில் தனித்தனியாக எழுதியது. (டைட்டல்பாய்ம் பின்னாளில் பெயரைப் பன்ஸ்டர் என்று மாற்றிக்கொண்டார், பழைய கட்டுரையையும் புதிய கட்டுரையையும் எழுதியது ஒரே ஆள்தான், குழம்ப வேண்டாம்.) இதில் டைலட்டான் செய்யும் ஒரே வேலை, வளைவு எங்கும் ஒரே எதிர்ம மதிப்பில் இருக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்துவது. உள்ளே எதுவும் அசையாது. அசைவது ஓரம் மட்டும். விரித்த துணியின் நடுப்பகுதி இறுக்கமாக நிற்க, விளிம்பு மட்டும் நெளிகிற மாதிரி.

முப்பது வருஷம் பெரிதாக யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்தது. 2014-இல் அல்மேரியும் போல்ச்சின்ஸ்கியும் தூசி தட்டினார்கள். அப்புறம் கிட்டாயெவ், சச்தேவ்-யெ என்ற பழைய 1993 மாதிரியை மாற்றி எடுத்துக்கொண்டு 2015-இல் சில உரைகள் கொடுத்தார். ஒன்றோடொன்று தாறுமாறாக மோதிக்கொள்ளும் ஃபெர்மியான்கள் (எலக்ட்ரான் வகைத் துகள்கள்), ஈர்ப்பே இல்லாத அமைப்பு. அதன் தாழ்ந்த ஆற்றல் நடத்தையும் இந்த ஓர நெளிவும் ஒரே சமன்பாட்டில் வந்து நின்றன. 2016-இல் மால்டசேனா, ஸ்டான்ஃபோர்ட், யாங் மூவரும் அதைத் தெளிவாக எழுதிய பிறகு துறையே இந்தப் பக்கம் திரும்பியது. அந்த ஓரச் சமன்பாட்டின் பெயர் ஸ்வார்ஸியன்.

இந்தத் துறையில் எங்கே பார்த்தாலும் 3/2 என்ற எண் வருகிறது. அது எங்கிருந்து வந்தது?

இதை நான் விரிவாகத்தான் சொல்வேன், இந்தப் பக்கத்தை எழுதியதே இதற்காகத்தான்.

ஓரத்தை ஒரு வட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நெளிவுகளை வீணைத் தந்தியின் சுரங்கள் போலப் பிரிக்கலாம்: ஒருமுறை நெளிவது, இருமுறை நெளிவது, மும்முறை என்று. குவாண்டம் திருத்தம் என்பது, கருந்துளையின் நிலைகளை எண்ணும் கூட்டுத்தொகையில் இந்த ஒவ்வொரு நெளிவும் தன்பங்குக்கு ஒரு காரணியைப் பெருக்குவது. கணக்கைப் போட்டால் ஒவ்வொரு நெளிவும் 'ஒன்றின் கீழ் வெப்பநிலை' என்ற காரணியைத் தருகிறது. எத்தனை நெளிவு? முடிவில்லாமல். அப்படியானால் 1+1+1+… என்று கூட்டவேண்டும். ஆய்லர் காலத்திலிருந்தே இந்த மாதிரி விரியும் தொடர்களுக்கு ஒழுங்கான மதிப்புத் தரும் வழி உண்டு. ராமானுஜன் 1913-இல் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் 1+2+3+… என்பதற்கு மைனஸ் 1/12 என்று எழுதினாரே, அதே குடும்பம். 1+1+1+… என்பதற்கு அந்த வழியில் கிடைப்பது மைனஸ் 1/2.

ஆனால் எல்லா நெளிவையும் எண்ணக்கூடாது. வெறும் சுழற்சியும், ஒருமுறை நெளிவதும் உண்மையான மாற்றங்களே இல்லை. முழு வெளியையும் அப்படியே நகர்த்தி வைப்பதுதான் அவை. எனவே இரண்டிலிருந்துதான் எண்ண வேண்டும். மைனஸ் 1/2-இலிருந்து இன்னும் ஒன்றைக் கழித்தால் மைனஸ் 3/2. 'ஒன்றின் கீழ் வெப்பநிலை' என்பதன் மைனஸ் 3/2 அடுக்கு தலைகீழாகிவிடும். ஆக, மொத்தக் காரணி வெப்பநிலையின் 3/2 அடுக்கு.

இதில் ஆச்சரியம், இதற்கு மேல் திருத்தம் எதுவும் இல்லை என்பது. 2017-இல் ஸ்டான்ஃபோர்டும் விட்டனும் காட்டினார்கள்: முதல் சுற்றுத் திருத்தமே முழு விடை, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று எல்லாம் சுழி. நான்கு பரிமாணத்தில் இரண்டாம் சுற்றில் தலை உடைந்ததை நினைத்துப் பாருங்கள்.

அந்த 3/2 வந்ததால் என்ன ஆகிவிட்டது?

குளிர்ந்த கருந்துளையைப் பற்றிய பழைய படமே ஆட்டம் கண்டுவிட்டது. பழைய கணக்கின்படி மின்னூட்டம் மிகுந்த கருந்துளையைச் சுழி வெப்பநிலைக்குக் குளிரவைத்தாலும் அதற்குப் பெரிய என்ட்ரோபி மிச்சம் இருக்கும், அதாவது ஒரே தாழ்ந்த ஆற்றலில் கற்பனைக்கு எட்டாத எண்ணிக்கையில் குவாண்டம் நிலைகள். எந்தச் சமச்சீர்மையும் கட்டாயப்படுத்தாமல் இத்தனை நிலைகள் ஒரே ஆற்றலில் ஏன் கூட வேண்டும்? 1991-லேயே பிரெஸ்கில், திரிவேதி, வில்செக் முதலானோர் வேறு பக்கத்திலிருந்து எச்சரித்திருந்தார்கள்: மிகக் குளிர்ந்த கருந்துளை ஒரே ஒரு துகளை வீசினாலும் அதன் வெப்பநிலை தலைகீழாக மாறிவிடும், அந்த இடத்தில் வெப்பவியல் பேசுவதே அர்த்தமில்லை.

இப்போது 3/2-ஐப் போடுங்கள். என்ட்ரோபியோடு வெப்பநிலையின் லாக், ஒன்றரை மடங்கு, வந்து சேர்கிறது. சாதாரண வெப்பத்தில் அது சில்லறை. வெப்பநிலை சுழியை நெருங்க நெருங்க லாக் மைனஸ் முடிவிலியை நோக்கிப் போகும், என்ட்ரோபியைத் தின்றுகொண்டே போகும். 2020-இல் இலியேசியுவும் துரியாச்சியும் நான்கு பரிமாணக் கருந்துளைக்கே இதைப் பொருத்திக் காட்டினார்கள்: அந்தப் பெரிய கூட்டம் அங்கே இல்லை, ஆற்றலைக் குறைக்கக் குறைக்க நிலைகள் மெலிந்துகொண்டே போகின்றன. மீச்சமச்சீர்மை (பொருள் துகள்களையும் விசைத் துகள்களையும் ஜோடி சேர்க்கும் சமச்சீர்மை) உள்ள கருந்துளைகளில் மட்டும் கூட்டம் உண்மையாகவே நிற்கிறது, அதற்கு மேல் ஓர் இடைவெளியும் இருக்கிறது. 1996-இல் ஸ்ட்ரோமிங்கரும் வாஃபாவும் சரக் கோட்பாட்டில் எண்ணிக் காட்டியது அந்த வகைதான், எனவே அந்தக் கணக்குக்குப் பழுதில்லை.

என்ட்ரோபி எதிர்ம எண்ணாகப் போய்விடாதா?

இந்தச் சூத்திரத்தை மட்டும் நம்பினால் போகும். அது நடக்கும் முன் வேறொரு வகைத் திருத்தம் குறுக்கே வருகிறது. வடையின் ஓட்டையை மறக்க வேண்டாம் என்றேனே, இப்போது எடுங்கள். குவாண்டம் கணக்கில் எல்லா வடிவங்களையும் கூட்ட வேண்டும், ஓட்டை உள்ள வெளிகளையும் சேர்த்து. வளைவை முழுப் பரப்பிலும் கூட்டி, ஒன்றுக்கும் உதவாது என்று ஒதுக்கிய அந்த ஐன்ஸ்டைன் உறுப்புதான் ஒவ்வொரு ஓட்டைக்கும் என்ன விலை என்று நிர்ணயிக்கிறது. என்ட்ரோபி பெரிதாக இருந்தால் ஓட்டைகளின் பங்கு நம்பமுடியாத அளவு சிறியது. ஆனால் ஆற்றல் மிகவும் தாழ்ந்தால் அவையும் எழுந்து நிற்கும்.

2019-இல் சாத், ஷெங்கர், ஸ்டான்ஃபோர்ட் மூவரும் இந்த ஓட்டைகள் அத்தனையையும் கூட்டினார்கள். அதற்குக் கை கொடுத்தது மரியம் மிர்சாகானியின் கணிதம். வளைந்த பரப்புகளின் வடிவங்கள் எத்தனை என்று அளக்க, ஓட்டை குறைந்ததிலிருந்து கூடியதற்குப் படியேறும் ஒரு விதியை அவர் கண்டிருந்தார். கருந்துளையைப் பற்றி நினைத்துச் செய்த கணிதம் இல்லை அது. கூட்டி முடித்தால் கிடைப்பது சீரற்ற எண்களை நிரப்பிய அணிகளின் கோட்பாடு, 1950-களில் விக்னர் கன அணுக்கருக்களின் ஆற்றல் மட்டங்களுக்குப் பயன்படுத்திய அதே வகை.

அப்படியானால் ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். சீரற்ற அணிகளின் கூட்டம் என்றால் ஒரு கோட்பாடு இல்லை, பல கோட்பாடுகளின் சராசரி. நம் பிரபஞ்சம் சராசரியா என்ன? இதற்கு இன்னும் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் பதில் கிடையாது.

தகவல் முரண் தீர்ந்துவிட்டதா?

பாதி. உள்ளே விழுந்த தகவல் கருந்துளையோடு அழிகிறதா, திரும்புகிறதா என்பதுதான் அந்த முரண். கருந்துளை ஆவியாகும்போது கதிரின் என்ட்ரோபி முதலில் ஏறி, பாதி வழியில் திரும்பி இறங்க வேண்டும் என்று டான் பேஜ் 1993-இல் சொன்னார். ஹாக்கிங்கின் கணக்கில் அது ஏறிக்கொண்டே போகும். 2019-இல் இரண்டு ஆய்வுகள் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் இறங்கும் பாதியைக் கணக்கிட்டன, சில மாதங்களில் புழுத்துளை வடிவங்களை, அதாவது தனித்தனிப் பகுதிகளைக் குழாய் போல இணைக்கும் வெளிகளை, சேர்த்தால்தான் அது வருகிறது என்பதும் புரிந்தது. பெரும்பாலான வேலை நடந்தது இரண்டு பரிமாண மாதிரிகளில். 1992-இன் மாதிரியையும் விடவில்லை: தோர்லாசியஸே 2020-இல் வேறு கூட்டாளிகளோடு திரும்பிவந்து அதிலும் வளைகோடு இறங்குவதைக் காட்டினார். எத்தனை தகவல் வருகிறது என்று தெரியும், எந்த வழியாக வருகிறது என்று இன்னும் தெரியாது. முழுசாகத் தீர்ந்தது என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

2022-இல் கூகுள் கணினியில் புழுத்துளை உண்டாக்கினார்களே?

உண்டாக்கவில்லை. சிகாமோர் குவாண்டம் சில்லில் 9 கியூபிட்களை (குவாண்டம் கணினியின் பிட்களை) வைத்து, மேலே சொன்ன ஃபெர்மியான் மாதிரியின் மிக மெலிந்த வடிவம் ஒன்றை ஓட்டினார்கள். பெரிய மாதிரியில் புழுத்துளைக் கணக்கோடு பொருந்தும் ஒரு சமிக்ஞை இதிலும் தெரிந்தது என்றார்கள். அவ்வளவு மெலிந்த பிறகு அது ஈர்ப்பைப் பற்றி எதுவும் சொல்கிறதா என்று அடுத்த ஆண்டே வேறு இயற்பியலாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். செய்தித் தலைப்புகள்தான் ஓவர்.

உண்மையான கருந்துளையில் இதைப் பார்க்க முடியுமா?

முடியாது. சூரிய நிறையுள்ள சாதாரணக் கருந்துளையின் ஹாக்கிங் வெப்பநிலையே சுமார் 6×10⁻⁸ கெல்வின், சுற்றி இருக்கும் விண்வெளியோ 2.7 கெல்வின். அந்த நிறையில் மின்னூட்டம் நிரம்பிய கருந்துளை ஒன்று கிடைத்தாலும், 3/2 வேலையைக் காட்ட 10⁻⁸⁰ கெல்வினுக்கும் கீழே குளிரவைக்க வேண்டும்.

இந்தியாவில் இதில் யாராவது இருக்கிறார்களா?

ஆரம்பத்திலிருந்தே. 1991-இல் மண்டல், சென்குப்தா, வாடியா மூவர் இரண்டு பரிமாணச் சரக் கோட்பாட்டுக்குள் கருந்துளை இருப்பதைக் கண்டார்கள், அதே சமயத்தில் விட்டனும் தனியாகக் கண்டார். மேலே வந்த சந்தீப் திரிவேதி மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் இன்றுவரை இதே துறையில் எழுதுகிறவர்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

பொதுச் சார்பியல் முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று பயப்பட வேண்டாம், இரண்டு பரிமாணத்தில் அதன் சுமை குறைவு. காஸியன் தொகையீடு (மணி வடிவ வளைகோட்டின் கீழ்ப் பரப்பைக் காண்பது) தெரிந்தால் போதும். ஒரு தாளை எடுத்து ஓர நெளிவுகளின் பெருக்கலை நீங்களே போட்டுப் பாருங்கள், அரைப் பக்கம்தான். 3/2-க்குப் பதில் 1/2 வந்தால் ஒருமுறை நெளிவதை நீக்க மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். தாளைக் கிழிக்க வேண்டாம், புழுத்துளையின் வாயை மட்டும் தனியாகக் கணக்கிடும்போது அந்த 1/2-தான் சரியான விடை.